மஞ்சநேரியில உம் தீந்துபோன கதை

மஞ்சநேரியில உம் தீந்துபோனது ஒரே நாள்ல இல்ல. ரேஷன் கடையில மண்ணெண்ணெய் தீர்ற மாதிரி, இருக்கு இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்து, கடைசில கேனைக் கவுத்துப் பாத்தா சொட்டு இல்லைங்கிற மாதிரிதான் தீந்துச்சு. அதுக்கு முன்னாடி அந்த ஊர்ல உம்முக்கு என்ன பஞ்சம், பஸ் ஸ்டாண்டுல உம், டீக்கடையில உம், குழாயடியில உம், ஒருத்தர் பேசுனா இன்னொருத்தர் உம் கொட்டுவாங்க, காதுல வாங்குறாங்களோ இல்லையோ கொட்டுவாங்க, அதுலயும் ஊருக்கே சேத்து உம் கொட்டுறது யாருன்னா பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஜாக்கெட் தைக்கிற பேச்சியம்மாதான்.

பேரு பேச்சி, ஆனா கடையில இருக்கிற வரைக்கும் அவளால பேச முடியாது, ஏன்னா உதட்டுக்கு நடுவுல எப்பவும் வரிசையா குண்டூசி. ஊசி வாயில இருக்கிறவ என்ன சொல்ல முடியும், உம்னுதான் சொல்ல முடியும், அதனாலயே ஊர்ப் பொம்பளைங்க அளவு குடுக்க வந்த இடத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து மனசுல கெடக்கிறதெல்லாத்தையும் கொட்டிட்டுப் போவாங்க. பேச்சி லேசுல யாரையும் நம்புற ஆளு கெடையாது. பால்காரர் ஊத்துறப்ப பாலைப் பாக்க மாட்டா, அவரு கட்டைவிரல் அளவுச்செம்புக்குள்ள எவ்வளவு முங்கியிருக்குன்னு பாப்பா. உன் தையல் மாதிரி வராதுன்னு யாராவது சொன்னா, சொன்ன வாயைப் பாக்க மாட்டா, கையைப் பாப்பா, பைக்குள்ள துணி இருக்கா, நாளைக்கே வேணும்னு கேக்கப் போறாங்களான்னு. அவ்வளவு சந்தேகம் புடிச்சவளுக்கு வந்து வாச்ச புருசன் பலவேசம், மினி பஸ் டிரைவர், நாள் பூரா ஊரையே ஏத்தி எறக்குற மனுசன், வீட்டுக்கு வந்தா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு, பேசாத மனுசன் பேசாம எதைத்தான் மறைக்கிறாரோங்கிறது அவளுக்குச் சேலையில மாட்டுன முள்ளு மாதிரி நடக்க நடக்க இழுத்துக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் அவரே கடைக்கு வந்தாரு, ஸ்டூல்ல உக்காந்தாரு, என்னமோ ரொம்ப நேரம் பேசிட்டுப் போனாரு. பலவேசம் பேசுனாருங்கிறதே அவளுக்குப் பெரிய சந்தேகமாப் போச்சு, இந்நேரத்துக்கு இவருக்கு இங்க என்ன வேலைன்னு அவரு சட்டையைப் பாத்தா, செருப்பைப் பாத்தா, அப்புறம் கையில இருந்த நீல ஜாக்கெட்டைப் பாத்தா, அவரு என்ன பேசுனாருங்கிறதை மட்டும் கவனிக்கல.

பலவேசத்தோட தம்பி லிங்கதுரை, பேச்சிக்குக் கொழுந்தன், சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாத்து, அந்தக் கம்பெனி ஆளைக் குறைச்சப்ப குறைஞ்சு போயி ஊருக்கு வந்தவன். வந்து சும்மா இருக்கல. குழாயில தண்ணி என்னைக்கு வரும்னு சொல்ற ஆப் ஒண்ணு செஞ்சான், வாழைத்தாரு வெலை சொல்ற ஆப் ஒண்ணு செஞ்சான், அண்ணன் ஓட்டுற மினி பஸ் இப்ப எந்த வளைவுல வருதுன்னு காட்டுற ஆப் ஒண்ணு செஞ்சான். எல்லாமே உபயோகமானது, அதனாலயோ என்னமோ ஒருத்தரும் சீண்டல. அவன் மதினி கடையில ஃபேன் காத்துக்கு வந்து உக்காந்திருந்த ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்குற கஸ்தூரி டீச்சர் வந்து, மருமகளைப் பத்தி ஆரம்பிச்சு, மருமக ஆத்தாளுக்குப் போயி, ஆத்தா வீட்டு நாய்க்குட்டி வரைக்கும் போயி, ஒரு வழியா எந்திரிச்சு முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு சொன்னாங்க.

"உங்கிட்ட சொன்னாத்தான் பேச்சி மனசு லேசாகுது. நீ ஒருத்தியாவது கேக்குற."

"உம்," அப்படின்னா பேச்சி.

டீச்சர் தெருவைத் தாண்டுனதும் லிங்கம் கேட்டான், "என்ன மதினி சொல்லிட்டுப் போறாங்க?"

பேச்சி ஊசியை ஒண்ணொண்ணா எடுத்து டப்பாவுல போட்டா. "யாரு கண்டா. ஜாக்கெட்டுல கைக்குழி வெட்டுனது அரை இஞ்சு தப்பிப்போச்சு, நான் அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

லிங்கம் சிரிச்சான் சிரிச்சான், ஸ்டூலோட கீழ விழுற வரைக்கும் சிரிச்சான், அப்புறம் சிரிப்பு டக்குனு நின்னுபோயி அவன் கண்ணு ஒரு மாதிரி ஆச்சு, அந்தக் கண்ணைப் பேச்சிக்குப் புடிக்கல. அவ மறுபடி ஊசியை உதட்டுல அடுக்குறதுக்குள்ள போனைத் தூக்கி அவ மூஞ்சிக்கு முன்னாடி நீட்டிட்டான்.

"மதினி, இதுல ஒரே ஒரு உம் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா எவன்யா உம்மு கேப்பான். எடுத்துட்டுப் போயி என்ன செய்வ? எனக்குத் தீந்துட்டா?"

"அதெல்லாம் தீராது மதினி. உங்க உம்மை வெச்சு நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்."

அவ ஊசியை வாயில வெச்சுக்கிட்டு, புருவத்தைத் தூக்கி, இவன் என்னத்துக்கோ அடி போடுறான்னு நெனச்சு, சந்தேகமா ஒண்ணு விட்டா. "உம்?" அவ்வளவுதான். கடைசில வாலைத் தூக்குன உம். அப்படியா, மேல சொல்லு, நீ சொல்றதுல என்னமோ இருக்குங்கிற மாதிரி ஒரு உம்.

அந்த ஆப்புக்கு அவன் வெச்ச பேரும் உம்தான். தொறந்தா கறுப்பா ஒரு திரை, நடுவுல பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம். நம்ம பாட்டுக்குப் பேச வேண்டியது. மூச்சு வாங்க நிறுத்துனோம்னா அது உம்னு சொல்லும். வேற ஒண்ணும் கெடையாது, பதில் சொல்லாது, பாட்டுப் பாடாது, மழை வருமான்னு கேட்டா அதுக்கும் உம்தான். லிங்கம் அதை வெளையாட்டுக்குத்தான் போட்டு விட்டான், போட்டுட்டு சாப்பிடப் போனான், சாப்பிட்டுட்டு வந்து பாத்தா சனம் அள்ளிக்கிட்டுப் போயிருக்கு. துபாய்ல கட்டடத்து உச்சியில நிக்கிற பையன் போன்ல எறக்குனான், சிங்கப்பூர்ல யார் வீட்டுலயோ பாத்திரம் கழுவுற அக்கா எறக்குனா, சென்னையில ஒத்தை ரூம்ல தங்கியிருக்கிற பிள்ளைங்க எறக்குனாங்க, ரிட்டையர்டு ஆனவங்க, கோர்ட்டுக்கு அலையிறவங்க, வீட்டுல எல்லாரும் இருந்தும் யாரும் இல்லாதவங்க, அத்தனை பேரும் எறக்கி, பேசிப் பேசி, உம் வாங்கி வாங்கி, ஆகாகா எப்படிக் கேக்குது பாருன்னு அடுத்தவங்களுக்கு அனுப்புனாங்க. பெங்களூர்லேர்ந்து ஒரு கம்பெனிக்காரங்க கார்ல வந்து லிங்கம் வீட்டு வாசல்ல ஷூவைக் கழட்டிட்டு உள்ள போனாங்க. அவங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் மாசக் காசு கட்டுறவங்களுக்கு மட்டும் ஒரு விசேசம் வந்துச்சு, என்னன்னா அவங்களுக்கு உம்மு ரெண்டா வரும். உம், உம். அதுக்குக் காசு கட்டுனாங்க, சாமி சத்தியமா கட்டுனாங்க, லிங்கம் வீட்டுக்கு மாடி எழும்புச்சு.

பேச்சி மட்டும் அதை நம்பல. பட்டன் போனை மாத்தவே மாட்டேன்னுட்டா.

"ஒண்ணுமே செய்யாத சாமானுக்கு எவன்யா காசு குடுப்பான்," அப்படின்னு கொழுந்தன்கிட்டயே கேட்டா. "அது என்னமோ செய்யுது. நமக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"ஒண்ணுமே செய்யல மதினி. அதுதான் அதுல உள்ள சிறப்பே."

"உம்," அப்படின்னா பேச்சி. அவ வாயிலேர்ந்து வந்த கடைசி உம் அதுவாத்தான் இருக்கும்.

மொதல்ல டீக்கடையிலதான் வெளிய தெரிஞ்சுது. டீக்கடை ஞானதிரவியம் அண்ணாச்சி, வாழைக்கா யாவாரத்துக்கு வந்தவருக்கு டம்ளர்ல சீனியைப் போட்டுக்கிட்டே போதுமான்னு கேட்டாரு. அவரு "போது"ன்னாரு. அண்ணாச்சி மிச்சத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தாரு. யாவாரி வாயைத் தொறந்தபடி நிக்கிறாரு, மிச்சம் வரல. அண்ணாச்சி கை பாட்டுக்குச் சீனியைப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கி சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுல ஒரு சண்டை, டவுன் வண்டி வருமான்னு ஒருத்தன் கேக்க, பூக்கட்டுற அக்கா "வரு"ன்னு சொல்லிட்டு நிறுத்த, வரு என்ன வரு, ஒழுங்கா சொல்லுன்னு அவன் எகிற, அக்காவுக்குக் கோவம் வந்துட்டு.

"வராதுன்னு சொல்ல வருது. மத்தது வாய்க்குள்ளயே நிக்குது. நான் என்ன செய்ய? நீ சொல்லிப் பாரு."

அவன் சொல்லிப் பாத்தான். அவனுக்கும் வரல.

அப்படியே ஊர் பூரா. ஆத்துல தண்ணி வத்துற மாதிரி வார்த்தைக்குப் பின்னாடி ஒட்டியிருந்த உம்மெல்லாம் வத்திப் போச்சு. எழுதுனா கையில வந்துச்சு, வாசிச்சா வாயில வரல. கேள்வி கேக்க முடிஞ்சுது, ஏன்னா தெரியுமா, வேணுமா, முடியுமான்னு கேக்குறப்ப உம்முக்குப் பின்னாடி ஒரு ஆ வந்து முட்டுக் குடுத்துச்சு. பதில்தான் போச்சு. தெரியும்னு சொல்ல முடியாது, தெரியாதுன்னு சொல்லலாம். முடியும்னு சொல்ல முடியாது, முடியாதுன்னு சொல்லலாம். வேணும்னு வராது, வேண்டாம்னு வரும். நல்லதைச் சொல்ற வார்த்தையெல்லாம் பாதியில முறிய, இல்லைங்கிற வார்த்தையெல்லாம் முழுசா நின்னுச்சு, போலீஸ் ஸ்டேசன்ல உக்கார வெச்சவங்க மாதிரி ஊரே எதைக் கேட்டாலும் தெரியாது தெரியாதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுது.

மஞ்சநேரிக்காரங்க இதுக்கெல்லாம் அசந்துபோயி உக்கார்ற ஆளுங்க இல்ல. ரெண்டு மூணு பேரு ஆஸ்பத்திரிக்குப் போயி நாக்கை நீட்டுனாங்க, டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாய்ப்புண்ணுக்கு மாத்திரை குடுத்து அனுப்புனாங்க, அதோட வைத்தியம் முடிஞ்சுது. கல்யாண வீட்டுப் பந்தியில போதும்னு சொல்ல ஆளில்லாம சாம்பாரு எலையைத் தாண்டி மடியில எறங்குனதும், சாப்பிடுறவங்க ரெண்டு கையையும் எலைக்கு மேல குடை மாதிரி புடிக்கப் பழகுனாங்க, கெட்டிக்காரங்க பாதி எலையை மொதல்லயே மடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. கோவில் கொடைத் திருவிழாவுக்கு மைக்ல கூப்பிட்டவன், "ஆண்கள் பெண்கள் பெரியவங்க சின்னவங்க எல்லார் வாங்க"ன்னு கல்லைக் கொட்டுன மாதிரி கூப்பிட்டான், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம நின்ன அந்தக் கூட்டமும் அப்படியேதான் வந்து தனித்தனியா நின்னு கும்பிட்டுட்டுப் போச்சு. கஸ்தூரி டீச்சர் வகுப்புல அம்மாவும் அப்பாவும்னு போர்டுல எழுதிப் போட, பிள்ளைங்க அம்மாவு அப்பாவுன்னு ஊளையிட, டீச்சர் யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. உம்மு வர வேண்டிய எடத்துல ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேத்து ஒட்டிக் காட்டணும். அம்மா அப்பா, ரெண்டு விரல். உப்பு புளி, ரெண்டு விரல். பிள்ளைங்க அதை வீட்டுக்குக் கொண்டு போக, வீட்டுலேர்ந்து அது சந்தைக்குப் போக, ஒரு வாரத்துல ஊர்ல எல்லாரும் விரலை ஒட்டிக்கிட்டுப் பேசுனாங்க. நீயும் நானும்னு சொல்ல வேண்டிய எடத்துல மட்டும் புருசன் பொண்டாட்டிங்க விரலைக் காட்டக் கூச்சப்பட்டு, நீ, நான்னு ரெண்டா சொல்லிட்டு விட்டுட்டாங்க.

பழகிட்டாங்க, ஆனா நம்பிக்கை போயிடுச்சு. தெரியும்னு சொல்ல முடியாதவன் ஆமான்னு சொன்னான், ஆமாங்கிறானே, என்னத்தையோ பூசி மெழுகுறானோன்னு கேட்டவன் நெனச்சான். எதுத்தாப்புல இருக்கிறவன் உம் கொட்டாததால பேசுறவன் பாதியில நிறுத்தி மூஞ்சியைப் பாத்தான், எதுக்குப் பாக்குறான்னு இவன் மொறைச்சான். பேச வேண்டியதெல்லாம் அவனவன் போனுக்குள்ளயே பேசிக்கிட்டாங்க, அதுக்குள்ளதான் உம்மு குறைவில்லாம இருந்துச்சு, தெருவுல போனா ஒவ்வொரு வீட்டு சன்னலுக்குள்ளேர்ந்தும் பேச்சியோட குரல், உம்? உம்? உம்? அப்பத்தான் ஊருக்கு உறைச்சுது. நம்ம வாயில இல்லாதது பூரா இந்தப் பேச்சி வாயிலல்ல இருக்கு.

ஞானதிரவியம் அண்ணாச்சி முன்னால, கஸ்தூரி டீச்சர் பின்னால, அதுக்குப் பின்னால பாதித் தெரு, எல்லாரும் கடைக்கு வந்தாங்க.

"பேச்சி, ஊசியை எடுத்துட்டு வாயைத் திற பாப்போம்," அப்படின்னாரு அண்ணாச்சி.

பேச்சி தொறந்து காட்டுனா. அண்ணாச்சி குனிஞ்சு பாத்தாரு, பல்லுதான் இருந்துச்சு.

"எங்க உம்மை எல்லாம் எங்கம்மா வெச்சிருக்க?"

"எங்கிட்ட ஏது அண்ணாச்சி. எனக்கே வரலையே."

"அப்ப போன்ல பேசுறது யாரு?"

"குரல் என்னோடதுதான்."

கஸ்தூரி டீச்சர் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு முன்னால வந்தாங்க, மூஞ்சி செவந்திருந்துச்சு. "நாங்க அதுல பேசுனது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"பாத்தீங்களா அண்ணாச்சி. தெரியாதுங்கிறா."

அந்த ஊர்ல அப்ப தெரியாதுங்கிற வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தந்தான் இருந்துச்சு, தெரிஞ்சுக்கிட்டே மறைக்கிறதுங்கிற அர்த்தம். டீச்சர் தன்னோட பாதி தச்ச ஜாக்கெட்டை மிசினுக்கு அடியிலேர்ந்து உருவிக்கிட்டுப் போனாங்க, அவங்க பின்னாடி மத்தவங்களும் துணியைத் தேடி எடுத்துக்கிட்டுப் போனாங்க, அன்னைலேர்ந்து ஸ்டூல் காலியாச்சு. உதட்டுல வெக்க ஊசி இருந்துச்சு, குத்தத் துணி இல்ல.

வேலை இல்லாதவளுக்கு சந்தேகப்பட நேரம் கெடைச்சுது. ஊரு அவளைச் சந்தேகப்பட, அவ பலவேசத்தைச் சந்தேகப்பட்டா. கொஞ்ச நாளாவே அந்த மனுசன் அவளை நேருக்கு நேரா பாக்குறது இல்ல. மூஞ்சியைத் திருப்பி ஒரு பக்கமா சாச்சுக்கிட்டுதான் பாக்குறாரு, தண்ணி டம்ளரை நீட்டுனா கை வேற எங்கயோ போயித் தடவிட்டு வருது, வாசப்படியில அன்னைக்கி இடிச்சுக்கிட்டாரு. மனசுல கள்ளம் இருக்கிறவனுக்குத்தான கை தடுமாறும், கண்ணு நேரா நிக்காது. சட்டையை மோந்து பாத்தா, டீசல் வாடைதான். ஒருநாள் குளத்தங்கரைப் பக்கம் ரெண்டு மணிக்குப் போனவ, மருத மரத்தடியில மினி பஸ் நிக்கிறதைப் பாத்தா. கண்டக்டர் சாப்பிடப் போயிருந்தான், டிரைவர் சீட்டுல பலவேசம் ஒத்தையில உக்காந்திருக்காரு, கண்ணாடி வழியா தெரியுது, வாயி அசையுது. வீட்டுல ரெண்டு வார்த்தை பேசாத வாயி. ஆடு தழை மெல்ற மாதிரி நிக்காம அசையுது.

மறுநாள் அவ கடையைப் பூட்டிட்டு முன்கூட்டியே போயி மருத மரத்துக்குப் பின்னால நின்னா. வண்டி வந்து நின்னுச்சு, கண்டக்டர் எறங்கிப் போனான். பேச்சி செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, பின்படியில ஏறி, கடைசி சீட்டுக்குப் பின்னால குனிஞ்சா.

"இன்னைக்கி பள்ளிக்கூட வளைவுல ஒரு ஆட்டுக்குட்டி," அப்படின்னாரு பலவேசம். "இடது பக்கமா வந்திருக்கு. நான் பாக்கவே இல்ல. கண்டக்டர் கத்துன பிறகுதான் பிரேக்கைப் போட்டேன்."

"உம்?" அப்படின்னுச்சு ஒரு பொம்பளைக் குரல்.

பேச்சி கையில இருந்த செருப்பை இறுக்கிப் புடிச்சா. இருக்கா, முன்சீட்டுல ஒருத்தி இருக்கா. எட்டிப் பாத்தா. சீட்டெல்லாம் காலி. ஸ்டியரிங்குக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல, ஒரு போன் சாஞ்சு நின்னுச்சு, கறுப்புத் திரை, நடுவுல பொட்டு.

"இடது கண்ணுல பஞ்சை வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு. மொதல்ல ஓரமாத்தான் இருந்துச்சு. இப்ப பாதிக்கு வந்துட்டு."

"உம்?"

"ஆட்டுக்குட்டியோட போச்சு. நாலு மணிக்கு நான் ஏத்துறது பூரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க."

"உம்?"

"ஓனர்கிட்ட சொன்னா வண்டியை வாங்கிடுவாரு. வண்டி இல்லாம நான் எங்க போயி நிக்க. எனக்கு யாவாரம் பேச வருமா, கடையில உக்கார வருமா."

"உம்?"

அவரு துண்டால மூஞ்சியைத் தொடச்சாரு. போன் அதுக்கும் ஒரு உம் போட்டுச்சு.

"பேச்சிகிட்ட சொன்னேன். கடைக்கே போயி, ஸ்டூல்ல உக்காந்து, கண்ணு மங்கிக்கிட்டு இருக்கு பேச்சி, பயமா இருக்குன்னு சொன்னேன். வாயில ஊசியோட கேட்டா. இப்ப நீ கொட்டுற மாதிரியே ஒண்ணு கொட்டுனா. மறுநாள் ஒரு வார்த்தை கேக்கல. குருட்டுப் புருசனை வெச்சு என்ன செய்யன்னு யோசிச்சிருப்பா. யோசிக்கட்டு. அவளைச் சொல்லி என்ன."

"உம்?"

பேச்சி அந்த நாளைத் தேடிப் பாத்தா. நீல ஜாக்கெட்டு ஞாபகம் இருக்கு, அதுல வெச்ச கொக்கி ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு, மூணாவது கொக்கி கோணலாப் போனதும் பிரிச்சுத் தச்சதும் ஞாபகம் இருக்கு, அவரு சொன்னதுல ஒரு எழுத்து ஞாபகம் இல்ல. பால்காரர் கட்டைவிரலைப் பாத்த கண்ணு, புருசன் எந்தப் பக்கமா இடிச்சுக்கிறாருன்னு பாக்கல. அவ உம்னு சொன்னா, அவ கேட்டுக்கிட்டான்னு அவரு நெனச்சாரு. இப்ப அதே உம்மைப் போன்ல எறக்கி வெச்சுக்கிட்டு, அதுகிட்டயே அவளைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்காரு, அதுவும் கொட்டிக்கிட்டு இருக்கு.

அவ எந்திரிச்சு நடந்து போயி கண்டக்டர் சீட்டுல உக்காந்தா. அவ இடது பக்கமா வந்ததால, சீட்டு கிறீச்சுனு சத்தம் போட்ட பிறகுதான் அவரு தலையைத் திருப்புனாரு.

"எவ்வளவு நேரமா நிக்க?"

"ஆட்டுக்குட்டிலேர்ந்து."

அவரு ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டாரு, வண்டி ஓடுற மாதிரி. பேச்சு நின்னதும் போன் தன் வேலையைச் செஞ்சுது.

"உம்?"

பேச்சி அதை எடுத்துப் பாத்தா, எங்க அமுக்குனா நிக்கும்னு அவளுக்குத் தெரியல, ஜாக்கியும் ஸ்பேனரும் கெடக்கிற டூல்ஸ் பெட்டியைத் தொறந்து உள்ள போட்டு மூடுனா. உள்ளேர்ந்து ஒண்ணு கேட்டுச்சு, கெணத்துக்குள்ள கத்துன மாதிரி, அப்புறம் அடங்கிப் போச்சு. அவ புருசன் பக்கம் திரும்பி வாயைத் தொறந்தா. பழக்கத்துல உதடு ரெண்டும் ஒட்டுச்சு, உள்ள உம்மு இல்ல. இருந்திருந்தா அன்னைக்கும் அதைத்தான் சொல்லியிருப்பா, சொல்லிட்டு அதோட விட்டிருப்பா. இல்லாததால வேற என்ன இருக்குன்னு வாய்க்குள்ள தேட வேண்டியதாச்சு, பொட்டிக்கு அடியில கெடக்கிற பழைய துணியைத் தேடுற மாதிரி தேடி, ஒண்ணை எடுத்தா.

"அப்புறம்?"

பலவேசம் அவளைப் பாத்தாரு, நல்ல கண்ணால. "அப்புறம் என்ன. அவ்வளவுதான்."

"இல்ல. அப்புறம்?"

அவரு சொன்னாரு. எந்த மாசம் ஆரம்பிச்சுதுன்னு சொன்னாரு, எதுத்தாப்புல லாரி வெளிச்சம் வந்தா என்ன ஆகுதுன்னு சொன்னாரு, எந்தெந்த வளைவுல ஞாபகத்தை வெச்சே திருப்புறாருன்னு சொன்னாரு, அவ அப்புறம் அப்புறம்னு கேக்கக் கேக்க, பயந்து பயந்து பூட்டி வெச்சதெல்லாம் சீட்டு மேல வந்து விழுந்துச்சு. சொல்லி முடிச்சுட்டு, "நீ, நான்"ன்னு எதையோ ஆரம்பிச்சாரு, மேல வரல, கூச்சமா வெளிய பாத்துக்கிட்டே ரெண்டு விரலைச் சேத்து ஒட்டிக் காட்டுனாரு.

பேச்சி கையை நீட்டுனா. "சாவியைக் குடுங்க."

"நாலு மணி வண்டி?"

"போகாது."

குளத்தங்கரை வழியா ரெண்டு பேரும் நடந்தே வந்தாங்க, அவ அவருக்கு இடது பக்கமா நடந்தா. பஸ் ஸ்டாண்டுல பையைத் தூக்கிக்கிட்டுப் பிள்ளைங்க நிக்குது, பிள்ளைங்களோட கஸ்தூரி டீச்சர் நிக்கிறாங்க.

"வண்டி வருமா?" அப்படின்னு கேட்டாங்க டீச்சர்.

"வராது."

டீச்சர் சந்தேகமா சிரிச்சாங்க. "வராதுன்னா, எது, வர்ற வராதா, வராத வராதா?"

"வராத வராது. அவருக்கு இடது கண்ணு தெரியல. இன்னைக்கி வளைவுல ஆட்டுக்குட்டி வந்ததே தெரியல. இனிமே இந்த வண்டியை அவரு ஓட்ட மாட்டாரு."

பலவேசம் பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையா பாத்தாங்க. டீக்கடைக்குள்ளேர்ந்து ஞானதிரவியம் அண்ணாச்சி வந்து பலவேசத்தோட வலது பக்கமா நின்னு, கையில டீயைக் குடுத்தாரு, சீனி எவ்வளவுன்னு கேக்கவே இல்ல. ஓனர் சாவியை வாங்கிக்கிட்டு ரெண்டு நாள் கத்துனாரு, வேற டிரைவரைப் போட்டாரு. டவுன் கண்ணாஸ்பத்திரியில ஆபரேசனுக்கு நாள் குறிச்சுக் குடுத்தாங்க. அதுவரைக்கும் பலவேசம் பேச்சி கடை ஸ்டூல்லதான், நூல் பிரிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டு. அவ்வளவு பேச்சு அந்த மனுசனுக்குள்ள இருந்திருக்கு. அவரு பேசுறதை விட ஊரு வேடிக்கை பாத்தது, அவ அதைக் கேக்குற விதத்தைத்தான். அவரு வாயைத் தொறந்தா போதும், தையலை நிறுத்திட்டு, ஊசியை ஒண்ணொண்ணா டப்பாவுல போட்டுட்டு, அப்புறம்னு கேப்பா.

அந்தச் சேதி மாடி வீட்டுக்குப் போச்சு. லிங்கதுரை புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து, அண்ணனை விசாரிச்சுட்டு, ஃபேனுக்கு அடியில நின்னான். போன் கையில இருந்துச்சு.

"மதினி, அந்த அப்புறத்தை இதுல ஒரே ஒரு தடவை சொல்லுங்க. பெங்களூர்க்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"தீந்துட்டா?"

"அதெல்லாம் தீராது மதினி."

"அன்னைக்கி இதையேதான் சொன்ன."

லிங்கம் போனை நீட்டுனபடியே நின்னான். பேச்சி டப்பாவைத் தொறந்து குண்டூசியை ஒண்ணொண்ணா எடுத்து உதட்டுல அடுக்குனா, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், வேலி போட்ட மாதிரி. அந்நேரம் பாத்து ஸ்டூல்ல இருந்த பலவேசம், "நேத்து அந்த டாக்டர் கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சாரு பாத்தியா, அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா"ன்னு ஆரம்பிச்சுட்டு நிறுத்துனாரு. போன்ல பொட்டு மினுங்குச்சு.

பேச்சி போனைப் பாத்தா, கொழுந்தனைப் பாத்தா, ஊசியை ஒவ்வொண்ணா எடுத்து டப்பாவுல போட்டா, எந்திரிச்சுப் போயி பலவேசத்தோட காதுல வாயை வெச்சு, கையால பொத்திக்கிட்டு, என்னமோ சொன்னா. அவரு தலையாட்டிட்டு மேல சொல்ல ஆரம்பிச்சாரு. போன்ல ஒண்ணும் விழல. என்ன சொன்னான்னு லிங்கம் கடை கடையா போயிக் கேட்டுப் பாத்தான், டீக்கடைக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு இருந்த அண்ணாச்சிகிட்ட கேட்டான், தைக்கத் துணியோட வாசல்ல திரும்ப வந்து நின்ன டீச்சர்கிட்ட கேட்டான். எல்லாரும் அவன் கையில இருந்த போனை ஒரு பார்வை பாத்துட்டு, தெரியாதுன்னுட்டாங்க.